கைமாறு

சிகரெட்டை விட்ட மூன்றாம் நாள்
பத்து நிமிட இடைவேளை
முடிவேனா என்றிருந்தது.
விரல்களுக்கு ஏதாவது வேண்டும்.
ரசீதுச் சுருளின் கடைசி முழத்தைக் கிழித்து
அன்று சில்லறை வாங்கிப்போன ஒரு கையை வரைந்தேன்.
கட்டைவிரல் உருளைக்கிழங்காக வந்தது.
எறிந்திருப்பேன்.
குப்பைக்கூடை மழையில் வெளியே நின்றது.
பையில் வைத்துக்கொண்டேன்.
இப்படித்தான் தொடங்கியது,
பெரிய காரணம் ஒன்றுமில்லை.

ரோச்சா போகும் நெடுஞ்சாலையின் சுங்கச்சாவடி,
மூன்றாம் தடம்.
ஜனவரி வெயிலில் மொந்தேவீதியோக்காரர்கள்
கூரையில் அலைப்பலகை கட்டிக்கொண்டு கடலுக்குப் போவார்கள்.
ஜூலைக் குளிரில்
தென்காற்றும் கன்றுகள் ஏற்றிய லாரிகளும்தான்.
பெயர்ப்பட்டையில் நெலிதா எச்செவெரி என்றிருக்கும்.
பதினொரு ஆண்டில் அதை வாய்விட்டுப் படித்தது
ஒரு குழந்தை மட்டும், எழுத்துக்கூட்டி.

என் சாளரம் தாழ்வானது.
முழங்கைக்குக் கீழேதான் எனக்கு மனிதர்கள்.
எல்லாமே இடக்கைகள், ஓட்டுநர் பக்கத்துக் கைகள்.

விதிகளை நானே போட்டுக்கொண்டேன்.
நாளுக்கு ஒரு கை. நினைவிலிருந்து.
அழிக்கக் கூடாது.
காய்ச்சலன்று விலக்குக் கேட்டு எனக்கே மனுப் போட்டு
நானே தள்ளுபடி செய்தேன்.
போர்வைக்கு வெளியே கிடந்த என் இடக்கையைப்
பார்த்தே வரைந்தேன். அந்தச் சலுகை மட்டும்.
தங்கை கிரிசெல்தா சிரித்தாள்:
"ஜெபமாலை உருட்டுகிறவளுக்குக்கூட
கை வலிக்கும், உனக்கு வலிக்காதா?"

தொண்ணூறு நாள் வரைக்கும் எல்லாம் ஒரே கைதான்.
மோதிரம் மாற்றுவேன், நகத்துக்குச் சாயம் பூசுவேன்,
உள்ளே அதே ஆள்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை.
கன்றுகள் கத்தும் லாரி.
ஈரக் கம்பளிச் சட்டையின் நுனி.
மீதிக்காசை வாங்கிய கையை
வரைந்து முடித்த பிறகுதான்
அடிவயிற்றில் ஏதோ புரண்டது.
ஐந்து விரல் போட்டிருந்தேன்.
அவருக்கு மூன்றுதான்.

பதினொரு ஆண்டு, செவ்வாய்தோறும்
அந்த மூன்று விரலில் காசு வைத்திருக்கிறேன்.
அவரிடம் இல்லாத இரண்டை
என் பேனா கேட்காமலே தானம் செய்துவிட்டது.
அழிக்கக் கூடாது என்பது விதி.
அந்தத் தாளை எடுத்துப் பார்க்கத் தைரியமில்லை,
கிழிக்கவும்.

அடுத்த செவ்வாய் வர ஆறு நாள்.
அந்த ஆறு நாளும் வேறு ஆறு கைகள்
(பார்த்துப் பார்த்து, திருடியைப் போல).

வந்தார்.
மோதிரவிரலும் சுண்டுவிரலும் அடியோடு இல்லை.
தழும்பு மீன்வயிறுபோல் மினுங்கியது.
மிச்ச மூன்றும் அந்த இரண்டின் வேலையைப்
பங்கு போட்டுக்கொண்டு
ஒரு காசும் சிந்தாமல் வாங்கின.
"கிராசியாஸ்" என்றார், எப்போதும்போல.

நாளுக்குத் தொள்ளாயிரம் முறை
சாளரத்துக்குள் வந்து விழும் சொல்.
காலடியில் எத்தனை கிடக்குமோ,
பெருக்கியதே இல்லை.
அன்று விழும் முன் பிடித்தேன்.
மீதி கொடுப்பதுபோல
எண்ணி, சரிபார்த்து, திருப்பிக் கொடுத்தேன்.
கண்ணாடியை ஏற்றப்போனவர்
ஒரு கணம் தாமதித்தார்.
அவ்வளவுதான். தடுப்புக்கட்டை உயர்ந்தது.
பின்னாலிருந்தவன் ஒலிப்பானை அழுத்தினான்.

மாத்தே இலை வாங்கும் தகரப்பெட்டியில்
இப்போது அறுநூற்றுப் பதினொரு கைகள்.
உள்ளங்கையில் தொலைபேசி எண் எழுதியது,
எஞ்சின் எண்ணெய் ரேகைக்குள் ஊறியது,
நகம் கடித்துச் சிவந்தது,
அது ஒரு பாதிரியாருடையது.
இதையெல்லாம் வைத்து என்ன செய்யப்போகிறாய்
என்கிறாள் கிரிசெல்தா.
தெரியவில்லை.
முன்பு அலாரம் அடித்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பேன்.
இப்போது அது அடிக்கும்முன்
இன்று யார் கை நீட்டுவார்களோ என்று விழித்திருக்கிறேன்.
இதற்கு என்ன பெயர் என்று
அவளே சொல்லட்டும்.

மழை நாளில் விரல் இன்னும் சிகரெட் கேட்கிறது.
கேட்கட்டும், பேனாவைப் பிடித்தபடியே.
கட்டைவிரல்தான் இன்னும் கைவரவில்லை.
உருளைக்கிழங்கிலிருந்து
கத்தரிக்காய் வரை வந்திருக்கிறேன்.